சிப்பில் '3 நானோமீட்டர்' என்றால் எதன் அளவு?

புதிய மொபைல் ஒன்று வெளியாகும்போது விளம்பரத்தில் கேமராவுக்கு அடுத்தபடியாக இந்த வரி இருக்கும்: "3 நானோமீட்டர் சிப்". முந்தைய மாடலில் 4 என்று இருந்திருக்கும். அதற்கும் முன்னால் 5. லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளிலும் இது தவறாமல் வருகிறது. "இதுல 7, அதுல 4 போட்டிருக்கு. 4 வாங்குறதுதானே நல்லது?" எண் குறையக் குறைய நல்லது என்பது வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. சிப்பில் எந்த இடத்தை அளந்தால் அந்த 3 வரும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்த நீளம் 3 நானோமீட்டர், அதனால்தான் சிப்புக்கு இந்தப் பெயர் என்று சுட்டிக் காட்ட அந்தச் சிப்பில் எந்தப் பாகமும் கிடையாது. ஒரு காலத்தில் அது உண்மையான அளவாகத்தான் இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒரு தலைமுறையின் பெயராகிவிட்டது. அந்த மாற்றம் எப்படி நடந்தது என்று தெரிந்தால், சிப் பற்றி வரும் செய்திகளில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

சுவிட்சும் அதன் கேட்டும்

நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. நம் உடம்பின் டி.என்.ஏ. இழையின் அகலம் சுமார் 2 நானோமீட்டர். சிலிக்கான் படிகத்தில் பக்கத்துப் பக்கத்து அணுக்களுக்கு நடுவே இருக்கும் தூரம் ஏறத்தாழ கால் நானோமீட்டர். ஆகவே உண்மையிலேயே 3 நானோமீட்டர் நீளத்தில் ஒரு பாகம் செய்தால், அந்த நீளத்தில் பத்துப் பதினைந்து அணுக்கள்தான் வரிசையாக நிற்கும். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டாலே, விளம்பரத்தைப் பார்க்கும்போது ஒரு சந்தேகம் எட்டிப்பார்க்கும்.

சிப் என்பது கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களை ஒரு சின்ன சிலிக்கான் துண்டின் மேல் உருவாக்கி, மெல்லிய உலோகக் கம்பிகளால் அவற்றை இணைத்த பொருள். ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் ஒரு சுவிட்ச். மின்னோட்டம் நுழையும் முனைக்கு சோர்ஸ் என்று பெயர், வெளியேறும் முனைக்கு டிரெய்ன். இரண்டுக்கும் நடுவில், வழியின் மேல் உட்கார்ந்திருப்பது கேட். தண்ணீர்க் குழாயின் திருகு என்ன வேலை செய்கிறதோ அதையே கேட் செய்கிறது. அதற்கு மின்னழுத்தம் கொடுத்தால் வழி திறக்கும், எடுத்துவிட்டால் மூடும். திறந்த நிலை 1, மூடிய நிலை 0. கணினி செய்யும் எல்லா வேலையும் இந்தத் திறப்பதும் மூடுவதும்தான்.

சோர்ஸிலிருந்து டிரெய்ன் வரை போகும் திசையில் கேட் எவ்வளவு நீளம் என்பதைக் கேட் நீளம் என்பார்கள். அது குறைந்தால் சுவிட்ச் வேகமாகத் திறந்து மூடும். டிரான்சிஸ்டரும் சிறிதாகும், அதே இடத்தில் இன்னும் நிறைய வைக்கலாம். அதனால்தான் தொடக்க காலத்தில், ஒரு தொழிற்சாலை எவ்வளவு நுட்பமானது என்று சொல்ல இந்த நீளமே போதுமானதாக இருந்தது. 1971-இல் வந்த இன்டெல் 4004 சிப் 10 மைக்ரான் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டது, அதாவது 10,000 நானோமீட்டர். அதில் இருந்தவை 2,300 டிரான்சிஸ்டர்கள். 2023-இல் ஐபோன் 15 புரோவில் வந்த ஏ17 புரோ சிப்பில் 1,900 கோடி.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன?

பின்னாளில் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்டன் மூர் 1965-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஒரு சிப்பில் வைக்கக்கூடிய உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஒரு முறை இரட்டிப்பாகிறது என்றார். 1975-இல் அதை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்று திருத்தினார். மூர் விதி என்று நாம் கேள்விப்படுவது இதைத்தான்.

சரி, ஒரே பரப்பில் இரண்டு மடங்கு டிரான்சிஸ்டர் வைக்க வேண்டுமானால் ஒவ்வொன்றின் பரப்பும் பாதியாக வேண்டும். பரப்பு பாதியாக, நீளத்தையும் அகலத்தையும் 0.7 மடங்காகக் குறைத்தால் போதும். 0.7 பெருக்கல் 0.7 என்றால் 0.49. இப்போது கால்குலேட்டரை எடுத்து 130-இல் தொடங்கி 0.7 ஆல் பெருக்கிக்கொண்டே போங்கள். 130, 90, 65, 45, 32, 22 என்று ஏறத்தாழ வந்துகொண்டே இருக்கும். தொடர்ந்து போனால் 14, 10, 7, 5, 3, 2. நீங்கள் விளம்பரங்களில் பார்த்த எண்களில் பெரும்பாலானவை இந்த வரிசையில் இருக்கின்றன. தலைமுறைக்கு ஒரு முறை 0.7 ஆல் பெருக்கிப் பெயர் வைப்பது என்ற வழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. அளவு அந்த வழக்கத்தோடு கூட வந்ததா என்பதுதான் கேள்வி.

1990-களின் நடுப்பகுதி வரை கூடவே வந்தது. 350 நானோமீட்டர் என்றால் கேட்டும் ஏறத்தாழ அந்த நீளம்தான். அதன்பின் நடந்தது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்: உண்மையான நீளம் பெயரைவிடச் சிறியதாகிவிட்டது. கிகாஹெர்ட்ஸ் போட்டி உச்சத்தில் இருந்த காலம் அது. வேகத்துக்காக மற்ற பாகங்களைவிட கேட்டை மட்டும் அவசர அவசரமாகச் சுருக்கினார்கள். இன்டெல்லின் 130 நானோமீட்டர் தலைமுறையில் கேட் நீளம் சுமார் 70 நானோமீட்டர்தான். அப்போது பெயர் அடக்கமாக இருந்தது, உண்மை முந்திக்கொண்டு ஓடியது.

பிறகு கசிவு வந்து அந்த ஓட்டத்தை நிறுத்தியது. கேட் மிகவும் குட்டையானால், மூடியிருக்கும்போதும் மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகும். ஒரு டிரான்சிஸ்டரில் ஒழுகுவது மிகச் சொற்பம்தான், ஆனால் கோடிக்கணக்கானவை சேரும்போது அது வெறும் சூடாக வெளியே வருகிறது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் அவருடன் வேலை செய்தவர்களும் 1974-இல் ஒரு கணக்கைக் காட்டியிருந்தார்கள். டிரான்சிஸ்டரைச் சுருக்கும்போது அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், எத்தனை டிரான்சிஸ்டர் நெருக்கி வைத்தாலும் ஒரு பரப்பில் உண்டாகும் சூடு அதிகரிக்காது என்பது அந்தக் கணக்கு. முப்பது ஆண்டுகள் அது கைகொடுத்தது. 2000-களின் நடுவில் கசிவு காரணமாக மின்னழுத்தத்தை அதற்கு மேல் குறைக்க முடியாமல் போனது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 சிப்பை வெளியிடும் திட்டத்தை 2004-இல் இன்டெல் கைவிட்டது. இரண்டு கோர் (கணக்குப் போடும் தனி அலகு), நான்கு கோர் என்று பிராசசர்கள் அகலவாட்டில் வளர ஆரம்பித்ததற்கு இதுதான் காரணம். கேட் நீளம் சுருங்கும் வேகமும் அப்போதிலிருந்து தளர்ந்துவிட்டது.

அடுத்த தலைமுறைகளுக்கு வேறு வழி தேவைப்பட்டது. மின்னோட்டம் போகும் பாதையைத் தட்டையாகப் படுக்க வைக்காமல், மீனின் துடுப்பைப் போல நிமிர்த்தி நிற்க வைத்து, மூன்று பக்கமும் கேட்டால் அணைத்துப் பிடித்தார்கள். பிடி இறுகியதால் ஒழுகல் குறைந்தது. இதற்கு ஃபின்ஃபெட் என்று பெயர். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சென்மிங் ஹூவின் குழு உருவாக்கிய வடிவம் இது. இன்டெல் 2011-இல் தன் 22 நானோமீட்டர் தலைமுறைக்கு இதை அறிவித்து, அடுத்த ஆண்டு சந்தைக்குக் கொண்டுவந்தது.

இங்கேதான் பெயரும் அளவும் நிரந்தரமாகப் பிரிந்தன. மற்ற நிறுவனங்களுக்குச் சிப் செய்து தரும் தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனம் 20 நானோமீட்டர் தலைமுறைக்குப் பின் 16 நானோமீட்டர் தலைமுறையைக் கொண்டுவந்தது. 20-இல் இருந்த உலோகக் கம்பிகளின் அமைப்பையே 16-க்கும் வைத்துக்கொண்டது. கம்பிகளின் நெருக்கம் மாறவில்லை. கீழே இருந்த டிரான்சிஸ்டர் மட்டும் தட்டையிலிருந்து ஃபின்ஃபெட்டுக்கு மாறியது. சுவிட்ச் நிஜமாகவே நன்றாகிவிட்டது, அதனால் ஒரு படி கீழிறங்கிய பெயரைக் கொடுத்தார்கள். முன்னேற்றம் உண்மையானது. அதை நீளத்தின் அலகில் சொன்னதுதான் தவறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல், "எல்லாமே ஏமாற்று" என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடு கிடையாது.

உண்மையான அளவுகள் என்ன?

ஐ.இ.இ.இ. என்ற சர்வதேசப் பொறியாளர் அமைப்பு சிப் துறைக்கான வழித்தட அறிக்கை ஒன்றை வெளியிடுகிறது. '3 நானோமீட்டர்' என்று அழைக்கப்படும் தலைமுறைக்கு அதில் குறித்திருக்கும் அளவுகள் இவை: ஒரு கேட்டுக்கும் அடுத்த கேட்டுக்கும் இடைத்தூரம் 48 நானோமீட்டர், மிக நெருக்கமாக ஓடும் கம்பிகளின் இடைத்தூரம் 24 நானோமீட்டர். 2021 மே மாதம் ஐ.பி.எம். உலகின் முதல் 2 நானோமீட்டர் சிப் என்று அறிவித்தபோது, நகத்தளவு இடத்தில் 5,000 கோடி டிரான்சிஸ்டர் என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி ஓடியது. அந்த டிரான்சிஸ்டரின் கேட் நீளம் 12 நானோமீட்டர். இதை ஐ.பி.எம். மறைக்கவில்லை, விவரக்குறிப்பில் அவர்களே சொன்னார்கள். தலைப்புக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

அந்த அறிவிப்பு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் அறிவிப்பு என்பதையும் கவனிக்க வேண்டும். ஐ.பி.எம். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தன் சிப் தொழிற்சாலைகளை குளோபல்ஃபவுண்ட்ரீஸ் நிறுவனத்திடம் கொடுத்துவிட்டது. ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு வேஃபரில் (சிப்களை அச்சிடும் வட்டச் சிலிக்கான் தகடு) செய்து காட்டுவதற்கும், மாதம் பல்லாயிரம் வேஃபர்களில் பழுதில்லாமல் செய்து விற்பதற்கும் நடுவே பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. அறிவியல் செய்தி படிக்கும்போது, இது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று முதலில் பார்ப்பது நல்லது.

இப்படிப் பெயர் வைப்பதில் எனக்கு வருத்தமும் உண்டு. இந்தத் துறையில் உண்மையில் நடப்பது, எந்த விளம்பர எண்ணையும்விட அதிசயமானது. இன்றைய நுண்ணிய அடுக்குகளைச் சிலிக்கானில் அச்சிட 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளி தேவை. அந்த ஒளியை உண்டாக்க, உருகிய வெள்ளீயத் துளிகளை நொடிக்கு 50,000 வீதம் வெற்றிடத்துக்குள் விழவிட்டு, விழும் ஒவ்வொரு துளியையும் லேசரால் அடிக்கிறார்கள். துளி பிளாஸ்மாவாக மாறி ஒளிர்கிறது. அந்த ஒளியைக் கண்ணாடி லென்ஸ் உறிஞ்சிவிடும், காற்றும் உறிஞ்சிவிடும். ஆகவே முழுப் பாதையும் வெற்றிடத்தில், லென்ஸுக்குப் பதில் மிக மிக வழவழப்பான ஆடிகளால் அமைகிறது. இந்த எந்திரத்தை விற்கும் நிறுவனம் உலகில் ஒன்றே ஒன்றுதான், நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல். இவ்வளவையும் செய்து முடித்துவிட்டு, கடைசியில் அளவே இல்லாத ஓர் அளவை அதன்மேல் ஒட்டுவது அந்தப் பொறியாளர்களுக்குச் செய்யும் மரியாதை இல்லை என்று நினைக்கிறேன்.

ஒரே எண், வேறு சிப். வேறு எண், ஒரே சிப்

எண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2015-இல் ஒரு நல்ல பாடம் கிடைத்தது. ஐபோன் 6எஸ் மாடலில் இருந்த ஏ9 சிப்பை ஆப்பிள் இரண்டு இடங்களில் செய்து வாங்கியது. சாம்சங் செய்தது 14 நானோமீட்டர், டிஎஸ்எம்சி செய்தது 16 நானோமீட்டர். ஒரே சிப், இரண்டு தொழிற்சாலை. பிரித்துப் பார்த்தவர்கள் பரப்பை அளந்தார்கள். சாம்சங் சிப் 96 சதுர மில்லிமீட்டர், டிஎஸ்எம்சி சிப் 104.5 சதுர மில்லிமீட்டர். 16-க்கும் 14-க்கும் உள்ள விகிதப்படி கணக்கிட்டால் சாம்சங் சிப் கிட்டத்தட்ட கால்வாசி சிறியதாக இருந்திருக்க வேண்டும். உண்மையில் 8 சதவீதம்தான் சிறியது.

பேட்டரியில் இன்னும் சுவாரசியம். 14 வைத்திருப்பவர்களுக்குத்தான் பேட்டரி அதிக நேரம் நிற்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். சிப்பை இடைவிடாமல் ஓடவிட்ட சில சோதனைகளில் 16 உள்ள போன்கள்தான் அதிக நேரம் தாக்குப்பிடித்தன. எந்தச் சிப் தன் போனில் இருக்கிறது என்று பார்க்கச் செயலி தேடி அலைந்தவர்கள் உண்டு. அன்றாடப் பயன்பாட்டில் வித்தியாசம் 2 முதல் 3 சதவீதம்தான் என்று ஆப்பிள் விளக்கம் சொன்னது. எப்படிப் பார்த்தாலும், எண் சொன்ன திசையில் எதுவும் நடக்கவில்லை.

ஆண்ட்ராய்டு பக்கம் இதைவிடத் தெளிவான உதாரணம் ஒன்று இருக்கிறது. மொபைல் சிப்களை வடிவமைக்கும் குவால்காம் நிறுவனம் 2021 கடைசியில் அறிவித்த ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 சாம்சங்கின் 4 நானோமீட்டரில் செய்யப்பட்டது. அது அதிகம் சூடாகிறது என்று பரவலாகக் குறை சொன்னார்கள். 2022 மே மாதம் 8 பிளஸ் ஜென் 1 வந்தது. பெரும்பாலும் அதே வடிவமைப்பு, இந்த முறை டிஎஸ்எம்சியின் 4 நானோமீட்டர். மின்செலவு 30 சதவீதம் வரை குறைகிறது என்று குவால்காமே சொன்னது. இரண்டு பெட்டியிலும் 4 என்றே போட்டிருக்கும். இவை இரண்டையும் எண்ணை வைத்து ஒப்பிட்டவருக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது.

இன்டெல் விஷயத்தில் நான் கொஞ்சம் அவர்கள் பக்கம் பேசுவேன். 2014-இல் 14 நானோமீட்டருக்கு வந்த அந்த நிறுவனம் மேஜைக் கணினிகளில் 2021 வரை அங்கேயே மாட்டிக்கொண்டது. அது அவர்களின் தோல்வி, சந்தேகமில்லை. ஆனால் "மற்றவர்கள் 7-இல் இருக்கிறார்கள், இன்டெல் இன்னும் 10" என்று சொன்னது மட்டும் நியாயமான ஒப்பீடு இல்லை. இன்டெல் 10-இல் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 10 கோடி டிரான்சிஸ்டர் வைக்க முடிந்தது. டிஎஸ்எம்சி 7-இல் அதற்குச் சற்றுக் குறைவாக, 9 கோடிக்கு மேல். நெருக்கத்தில் இரண்டும் ஒரே தலைமுறை. 2021 ஜூலையில் இன்டெல் பெயர்ப் பலகையையே மாற்றிவிட்டது. 10 நானோமீட்டரின் மேம்பட்ட வடிவத்துக்கு 'இன்டெல் 7' என்றும், 7 நானோமீட்டருக்கு 'இன்டெல் 4' என்றும் பெயர் வந்தது. நானோமீட்டர் என்ற அலகையும் பெயரிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த அலகை எடுத்தது நேர்மையான காரியம்.

ஒரு சிப்புக்கு ஒரே எண் என்பதும் இப்போது பொய்யாகிவிட்டது. ஏஎம்டி 2019-இல் விற்ற ரைசன் 3000 வரிசை மேஜைக் கணினிச் சிப்களை '7 நானோமீட்டர்' என்றார்கள். மூடியைத் திறந்தால் உள்ளே தனித்தனித் துண்டுகள் இருக்கும். கணக்குப் போடும் துண்டு டிஎஸ்எம்சியின் 7. நினைவகத்தோடும் மற்ற பாகங்களோடும் பேசும் துண்டு குளோபல்ஃபவுண்ட்ரீஸின் 12. இதில் தப்பு எதுவும் இல்லை, நல்ல புத்திசாலித்தனம். சுருக்கினால் பலன் தரும் பகுதியை மட்டும் விலையுயர்ந்த தொழில்நுட்பத்தில் செய்துவிட்டு, மற்றதை மலிவானதில் விட்டுவிட்டார்கள்.

ஏனென்றால் எல்லாப் பகுதியும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான தற்காலிக நினைவகத்துக்கு கேஷ் என்று பெயர். அதைக் கட்டும் எஸ்ரேம் செல் ஒன்றின் பரப்பு டிஎஸ்எம்சியின் 5 நானோமீட்டர் தலைமுறையில் 0.021 சதுர மைக்ரான். அவர்களின் 3 நானோமீட்டர் தலைமுறையில் பரவலாகப் பயன்படும் வகையிலும் அதே 0.021. ஒரு முழுத் தலைமுறை கடந்தும் அந்தப் பகுதி துளியும் சுருங்கவில்லை.

பழைய எண் மட்டமானதா?

குஜராத்தின் தோலேராவில் டாடா நிறுவனம், தைவானின் பிஎஸ்எம்சி என்ற சிப் நிறுவனத்தோடு சேர்ந்து சிப் தொழிற்சாலை அமைக்க 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அங்கே திட்டமிட்டிருப்பது 28 நானோமீட்டரும் அதற்கு மேற்பட்டவையும். "உலகம் 2-க்குப் போய்விட்டது, நாம் 28-ஆ?" என்று கேட்டவர்கள் நிறையப் பேர். இந்தக் கேள்வியை நான் கடுமையாக மறுக்கிறேன். 2021-இல் கார் தொழிற்சாலைகள் சிப் இல்லாமல் நின்றது நினைவிருக்கும். அப்போது தட்டுப்பாடான கார்ச் சிப்களில் பெரும்பாலானவை 40 நானோமீட்டர், 90 நானோமீட்டர் போன்ற பழைய தலைமுறையைச் சேர்ந்தவை. பிரேக், கண்ணாடி ஏற்றி இறக்கும் மோட்டார், திரையை ஓட்டும் சிப், சார்ஜரில் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சிப் என்று எல்லாம் அந்த வகை. இவற்றை 3-இல் செய்தால் விலைதான் ஏறும். உயர் மின்னழுத்தத்தைத் தாங்க வேண்டிய டிரான்சிஸ்டரைச் சுருக்கவும் முடியாது.

இன்னும் ஒரு படி பின்னால் போகலாம். இஸ்ரோவின் ராக்கெட்டுகளுக்காகத் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும், மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் லேபரட்டரியும் சேர்ந்து உருவாக்கிய விக்ரம் 3201 பிராசசர் 180 நானோமீட்டரில் செய்யப்பட்டது. மொபைல் விளம்பரத்தோடு ஒப்பிட்டால் கால் நூற்றாண்டுப் பழமை. ஆனால் அதற்கு இருக்கும் வேலை வேறு. பூஜ்யத்துக்குக் கீழே 55 டிகிரியிலிருந்து 125 டிகிரி செல்சியஸ் வரை அது இயங்க வேண்டும். விண்வெளியில் பாய்ந்து வரும் துகள் ஒன்று சிப்பைத் தாக்கினால், அது உண்டாக்கும் மின்னேற்றம் ஒரு 0-ஐ 1-ஆகப் புரட்டிவிடக்கூடும். மிகச் சிறிய டிரான்சிஸ்டரில் 0-க்கும் 1-க்கும் வித்தியாசம் காட்டும் மின்னேற்றமே கொஞ்சம்தான், சுலபமாகப் புரண்டுவிடும். பெரிய டிரான்சிஸ்டர் அவ்வளவு லேசில் அசையாது. 2024 டிசம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பிஎஸ்எல்வி சி60 பயணத்தில் இந்தச் சிப்பை விண்வெளியிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

செய்தியில் எதைப் பார்ப்பது?

டிஎஸ்எம்சி தன் 2 நானோமீட்டர் தலைமுறை பற்றிச் சொல்வது இது: தங்கள் 3 நானோமீட்டரோடு ஒப்பிட்டால், அதே மின்செலவில் 10 முதல் 15 சதவீதம் வேகம், அல்லது அதே வேகத்தில் 25 முதல் 30 சதவீதம் குறைந்த மின்செலவு. நெருக்கம் சுமார் 15 சதவீதம் அதிகம். இந்த வாக்கியத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது 'அல்லது' என்ற சொல். செய்தியாகும்போது அது அடிக்கடி 'மற்றும்' ஆகிவிடுகிறது. 15 சதவீத வேகமும் 30 சதவீத மிச்சமும் சேர்ந்து கிடைக்கும் என்று படிப்பவர் நினைத்துக்கொள்கிறார். ஒன்றை எடுத்தால் மற்றது போகும், அல்லது இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். அடுத்து, 3-லிருந்து 2-க்குப் போனால் பழைய கணக்குப்படி டிரான்சிஸ்டர் இரட்டிப்பாக வேண்டும். கிடைப்பது 15 சதவீதம். மேலும் இவை எல்லாம் சிப்பின் கணக்கு. போனில் மின்சாரத்தைச் செலவழிப்பதில் திரைக்கும் நெட்வொர்க் ரேடியோவுக்கும் பெரிய பங்கு இருக்கிறது. சிப் 30 சதவீதம் மிச்சப்படுத்தினால் பேட்டரி 30 சதவீதம் கூடுதலாக நிற்கும் என்று அர்த்தமில்லை.

நல்ல அளவுகோல் வேண்டும் என்று துறைக்குள்ளேயே கேட்டிருக்கிறார்கள். இன்டெல்லின் மார்க் போர் 2017-இல், ஒரு சதுர மில்லிமீட்டரில் எத்தனை டிரான்சிஸ்டர் என்பதை எல்லோரும் ஒரே முறையில் கணக்கிட்டு வெளியிட வேண்டும் என்றார். ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி, பெர்க்லி, டிஎஸ்எம்சி ஆகிய இடங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2020-இல் ஒரு படி மேலே போய், லாஜிக் (கணக்குப் போடும் பகுதி), நினைவகம், இரண்டுக்கும் நடுவிலான இணைப்பு என்ற மூன்றின் நெருக்கத்தையும் சேர்த்துச் சொல்லலாம் என்று கட்டுரை எழுதினார்கள். எதுவும் அட்டைப்பெட்டிக்கு வரவில்லை. மாறாக, அடுத்த தலைமுறைகளுக்கு இன்டெல் 18ஏ என்றும் டிஎஸ்எம்சி ஏ16 என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த 'ஏ' நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கான ஆங்ஸ்ட்ரம் என்ற அலகை நினைவூட்டுகிறது. இந்தப் பெயர் வழக்கம் நிற்கப்போவதில்லை.

அப்புறம் எதை வைத்து வாங்குவது? மொபைல் என்றால், யாராவது தனியாகச் சோதித்து வெளியிட்ட பேட்டரி நேரத்தைப் பாருங்கள். விளையாடுகிறவர் என்றால் முதல் நிமிட வேகத்தைப் பார்க்க வேண்டாம், இருபது நிமிடம் தொடர்ந்து ஓடிய பின் எவ்வளவு வேகம் மிஞ்சுகிறது என்று பாருங்கள். சூட்டை வெளியேற்ற முடியாத உடலுக்குள் எந்தத் தலைமுறைச் சிப்பை வைத்தாலும் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். லேப்டாப்பில் இது இன்னும் பெரிய விஷயம். ஒரே பெயருள்ள பிராசசரை மெல்லிய லேப்டாப் ஒன்றில் 15 வாட்டுக்குள் கட்டுப்படுத்தியிருப்பார்கள், கொஞ்சம் தடித்த வேறொன்றில் 28 வாட் வரை விட்டிருப்பார்கள். இரண்டாவது கண்ணுக்குத் தெரியும்படி வேகமாக ஓடும். கடைக்காரர் தரும் விவரத்தாளில் பெரும்பாலும் இந்த வாட் கணக்கு இருக்காது. அந்த மாடலைச் சோதித்து எழுதியவர்களின் அட்டவணையில் தேடினால் கிடைக்கும்.